உங்கள் பேரலுக்கு எந்தப் பெல்லட்?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், இந்தப் பக்கம் பொள்ளாச்சி என்று எல்லையின் இரு புறத்திலும் ஏர் ரைபிள் வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி அதில் போட்டுச் சுடும் ஈயக் குண்டைப் பற்றியது: "எந்தக் கம்பெனி பெல்லட்டுங்க நல்லது?" அதற்கு ஒரே பெயராகப் பதில் சொல்கிறவரை நம்ப வேண்டாம். ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ரைபிள் இரண்டை அருகருகே வைத்துச் சுட்டாலும், ஒன்றில் ஒரே இடத்தில் ஒட்டி விழும் பெல்லட் மற்றதில் சிதறும். பேரலின், அதாவது குழலின், உள்விட்டமும் பெல்லட்டைச் சுழற்றும் வரிப்பள்ளமும் முனைக் குறுக்கமும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும் என்பதே காரணம். எந்தப் பெல்லட் என்று பேரலிடம்தான் கேட்க வேண்டும். அதை ஒழுங்காகக் கேட்பதற்கான முறைதான் இந்தப் பதிவு.

முதலில் சட்டம், சுருக்கமாக. 2016 ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மி.மீ.க்கு (.177) மிகாமலும் முகப்பு ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 5.5 மி.மீ. குழல் என்றால் லைசென்ஸ் கணக்கு வந்துவிடும். வாளையார், கோபாலபுரம் வழியாக வண்டியில் கொண்டுபோகும்போது பில்லையும் கிளப் அட்டையையும் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தோப்பில் கிளியைச் சுடவும் கொல்லையில் மயிலை விரட்டவும் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இங்கே பேசுவது 10 மீட்டர் தூரத்துக் காகித இலக்கைப் பற்றி மட்டும்.

டப்பாவைத் திறந்து ஒரு பெல்லட்டை எடுத்துப் பாருங்கள். முன்னால் கனமான தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் உள்ளே குடைந்த மெல்லிய ஸ்கர்ட். வரிப்பள்ளத்தில் அமர்ந்து திசையைக் காப்பது தலை. காற்றழுத்தம் தள்ளும்போது விரிந்து குழலை அடைப்பது ஸ்கர்ட். எடை முன்பக்கமாக இருப்பதால் பறக்கும்போது தானே நேராக நிற்கும். 10 மீட்டருக்குத் தட்டைத் தலைதான். அது காகிதத்தைச் சுத்தமாக வட்டமாக வெட்டும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற சண்டை வராது. உருண்டைத் தலை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும், ஓட்டை சுருங்கிவிடும், மதிப்பெண் பார்க்க முடியாது. 25 மீட்டர் தாண்டிச் சுடுகிறவர்களுக்கு உருண்டைத் தலையே சரி. அந்தத் தூரத்தில் தட்டைத் தலை தடுமாற ஆரம்பிக்கும். கூர்முனைப் பெல்லட்டை விட்டுவிடலாம். முனை துளி விலகி அமைந்திருந்தாலும் அடி விலகும், பார்வைக்கு மட்டுமே வீரமாக இருக்கும்.

அடுத்தது எடை. மேட்ச் (போட்டி) ரைபிள் பெல்லட் என்று விற்பவை பெரும்பாலும் 0.53 கிராம். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, மைஸ்டர்குகெல்ன், ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் மூன்றிலும் ரைபிள் வகை 0.53 தான். இதே பெயர்களில் பிஸ்டலுக்கான லேசான வகையும் உண்டு: ஆர்10, மைஸ்டர்குகெல்ன் இரண்டிலும் 0.45, ஃபினாலேயில் 0.49. டப்பாவின் நிறம் ஒரே மாதிரி தெரிவதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மூடியில் உள்ள எடையைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். ஆனால் பிஸ்டல் வகை என்பதற்காக அதை ஒதுக்கவும் வேண்டாம். சில ஸ்பிரிங் ரைபிள்களில் (சுருள்வில் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தும் வகை) 0.49 கிராம் பிரமாதமாகப் பிடிக்கும்.

200 பார் சிலிண்டரில் ஓடும் பிசிபி (முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றில் சுடும்) மேட்ச் ரைபிளில் வேகம் சுமார் 170 முதல் 175 மீட்டர்/விநாடி. இதில் எடையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஸ்பிரிங் ரைபிளில்தான் எடை உபத்திரவம். மிக லேசான பெல்லட்டைப் போட்டால் எதிர்ப்பு போதாமல் பிஸ்டன் வேகமாகப் போய்ச் சிலிண்டர் முனையில் இடிக்கும். சீல் சீக்கிரம் போகும். "1000 எஃப்பிஎஸ்" (விநாடிக்கு அடி) என்று அட்டையில் போடுவதற்காகவே கம்பெனிகள் லேசான உலோகக் கலவைப் பெல்லட்டில் வேகம் அளக்கின்றன. அந்த வேகம் சுமார் 305 மீட்டர்/விநாடி, ஒலி வேகத்துக்குப் பக்கம். அங்கே பெல்லட் ஆட்டம் காணும். மிகக் கனமானதைப் போட்டால் பெல்லட் நகர்வதற்குள் அழுத்தம் ஏறி, பிஸ்டன் பின்னால் துள்ளிவிடும். உதை மாறும், அடி கீழே இறங்கும். 4.5 மி.மீ. ஸ்பிரிங் ரைபிளுக்கு 0.48 முதல் 0.55 கிராம் வரை பாதுகாப்பான எல்லை. உள்ளே எதுவும் போடாமல் ஸ்பிரிங் ரைபிளைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பெல்லட் இல்லாத அடிதான் எல்லாவற்றிலும் லேசான பெல்லட்.

தலை அளவு பற்றி அதிகம் பேசப்படுகிறது, கொஞ்சம் மிகையாகவே. டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று ஒட்டியிருப்பார்கள். வித்தியாசம் ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு. மைக்ரோமீட்டரில் பிடித்து அளக்கப் போனால் ஈயம் நசுங்கி, நீங்கள் பிடித்த அழுத்தத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள். கட்டைவிரல் அதைவிட நன்றாகச் சொல்லும். பேரலை மடக்கிப் பெல்லட்டை வைக்கும்போது, எதிர்ப்பே இல்லாமல் உள்ளே விழுந்தால், அல்லது முனையை மேலே தூக்கினால் திரும்ப வெளியே வந்தால், தலை சிறிது. ஸ்பிரிங் ரைபிளில் இப்படி இருந்தால் பிஸ்டன் முழு அழுத்தம் சேர்ப்பதற்குள் பெல்லட் நகர்ந்துவிடும், வேகம் ஒவ்வோர் அடிக்கும் வேறாக இருக்கும். நேர்மாறாக, விரல் நகம் வலிக்க அழுத்தித்தான் ஸ்கர்ட் உள்ளே போகிறது என்றால், அழுத்தும்போதே ஸ்கர்ட் ஒரு பக்கம் சப்பையாகிறது. ஸ்கர்ட் துளி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது பேரலை மூடினால் விளிம்பு சீவப்படும். எடுத்துப் பார்த்தால் பிறை வடிவில் ஒரு பளபளப்பான வெட்டு தெரியும். அந்தப் பெல்லட் போகும் இடம் அதற்கே தெரியாது. மென்மையான, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான எதிர்ப்போடு ஸ்கர்ட் விளிம்பு குழல் வாயோடு சமமாக உட்கார வேண்டும்.

இப்போது லாட் எண், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று சொல்லும் எண். டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியிலோ பின் லேபிளிலோ ஓர் எண் அச்சடித்திருக்கும் அல்லது முத்திரை குத்தியிருக்கும். பெல்லட் அச்சு தேயும், மாற்றுவார்கள். ஈயச் சுருளும் மாறும். ஆகவே ஒரே பெயர், ஒரே 4.50, ஆனால் வேறு லாட் என்றால் உங்கள் பேரலுக்கு அது வேறு பெல்லட். போன வருஷம் நன்றாகப் போன பெயரை நம்பி இந்த வருஷம் பத்து டப்பா வாங்கிவிட்டு, குரூப் (இலக்கில் அடிகள் விழுந்த கூட்டம்) விரிந்ததும் டிரிகரையும் ஸ்டாக்கையும் திருகிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

சோதனைக்கு வருவோம். பெல்லட்டைச் சோதிக்கும் முன் ரைபிளைச் சோதிக்க வேண்டும். ஸ்டாக் ஸ்குரூக்கள் எல்லாம் இறுக்கமா? ஸ்பிரிங் ரைபிளில் நாலைந்து நூறு அடிக்கு ஒருமுறை அவை தளரும். டயாப்டர் (துளை வழியே குறிபார்க்கும் கருவி) அல்லது ஸ்கோப் மவுண்ட் பின்னால் நகர்ந்திருக்கிறதா? மடக்கும் ரைபிளில் பேரல் கீல் ஆடுகிறதா? மூடிய இடத்தில் காற்று கசிகிறதா என்று பார்க்க, ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை அங்கே தொங்கவிட்டு, பெல்லட் போட்டு ஒரு அடி சுடுங்கள். பேப்பர் துள்ளினால் பிரீச் (பேரலின் பின்வாய்) சீல் போயிருக்கிறது. ஒரு சின்ன ரப்பர் வளையத்தின் குற்றத்தைப் பெல்லட்டின் தலையில் போடக் கூடாது.

இடம் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் கணவாய்க் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அரை கிராம் ஈயம் 170 மீட்டர் வேகத்தில் போகும்போது, தென்னை ஓலை ஆடும் அளவு பக்கக் காற்று இருந்தால் 10 மீட்டரிலேயே ஒரு வளையத்துக்கு மேல் தள்ளும். களத்தில், தோப்பில் வைத்துச் சோதித்தால் நீங்கள் தேர்ந்தெடுப்பது காற்று ஓய்ந்த நேரத்தில் மாட்டிய பெல்லட்டை. காலியான கோழிப் பண்ணைக் கொட்டகை, அரிசி ஆலைக் குடோன், எதுவானாலும் இரு பக்கமும் அடைத்த 12 மீட்டர் நீளம் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். இலக்குக்குப் பின்னால் 45 பாகையில் முன் சாய்ந்த இரும்புத் தகடு வைத்த பெட்டி, அதன் அடியில் பழைய துணி. தட்டைத் தலை நேர் இரும்பில் அடித்தால் துணுக்கு திரும்பி வரும். கண்ணாடி போடாமல் யாரும் உள்ளே நிற்க வேண்டாம்.

பிசிபி என்றால் பேரலையோ ரிசீவரையோ கிளாம்பில் பிடிக்கலாம். சிலிண்டரைப் பிடிக்காதீர்கள், அழுத்தம் இறங்க இறங்க அது நெகிழும், அடி நகரும். ஸ்பிரிங் ரைபிளைக் கிளாம்பில் போடவே கூடாது. அது உதைத்து, நகர்ந்து, திரும்ப உதைத்த பிறகுதான் பெல்லட் வெளியே வருகிறது. கட்டிப் போட்டால் அந்த ஆட்டம் மாறிவிடும். மணல் மூட்டை மேல் இடது கையை வைத்து, திறந்த உள்ளங்கையில் ரைபிளைப் படுக்கவிட்டு, இறுக்காமல் சுடுங்கள். கை வைக்கும் இடத்தில் ஸ்டாக்கில் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தாலே அடி இடம் மாறும்.

க, ங, ச, ஞ என்று நாலு வகை எடுத்துக்கொண்டோம் என்று வைப்போம். வகை மாற்றும்போதெல்லாம் முதல் பத்து அடியைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய பெல்லட்டின் மெழுகும் ஈயப் படலமும் போய்ப் புதியது படிய வேண்டும். பிறகு பத்து பத்து அடியாக ஐந்து குரூப், ஒவ்வொன்றும் புதிய இலக்கில். ஐந்தையும் ஒரே மூச்சில் அடிக்காமல், முதல் சுற்றில் க, ங, ச, ஞ. அடுத்த சுற்றில் தலைகீழாக ஞ, ச, ங, க. வெயில் ஏற ஏற ஸ்பிரிங் ரைபிளின் வேகம் மாறும், சுடுகிறவரும் களைப்பார். அந்தச் சாய்வு எல்லாப் பெல்லட்டுக்கும் சமமாகப் பங்கிடப்படும். சுற்றுக்கு சுற்று வகை மாறுவதால் தயார் அடிகளும் சேர்ந்து, வகைக்கு ஒரு டப்பாவில் நூறு பெல்லட் வரை போகும்.

அளப்பது வெர்னியரில். குரூப்பின் வெளி விளிம்பு முதல் வெளி விளிம்பு வரை அளந்து, ஒற்றை ஓட்டையின் அகலத்தைக் கழித்தால் மையத்துக்கு மையம் கிடைக்கும். 4.5 என்று மனப்பாடமாகக் கழிக்காதீர்கள். காகிதம் கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும். அதே இலக்கில் தனியாக ஒரு அடி அடித்து அதை அளந்து கழியுங்கள். ஐந்து குரூப்பின் சராசரியைப் பாருங்கள். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஐந்து அடி வைத்து ஒரே ஒரு குரூப், அதில் ஒட்டிப் பிடித்ததைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு "இதான் நம்ம பெல்லட்" என்று முடிவு செய்துவிடுவார்கள். ஐந்து அடிக் குரூப், அதே பெல்லட்டில் அதே கிளாம்பில் இருந்தே ஒரு முறை 1 மி.மீ., மறு முறை 2 மி.மீ. என்று வரும். மிகச் சிறிய குரூப் அதிர்ஷ்டத்தைக் காட்டும், மிகப் பெரிய குரூப்தான் பெல்லட்டைக் காட்டும். இரண்டு வகைகளின் சராசரி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பெரிய குரூப் எதில் சிறியதோ அதை எடுங்கள். அதிலும் சமமென்றால் விலை குறைந்ததை.

எவ்வளவு சிறிதானால் போதும்? ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) 10 மீட்டர் ரைபிள் இலக்கில் 10 என்பது 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட் விளிம்பு அதைத் தொட்டாலே 10. ஆகவே பெல்லட்டின் மையம் இலக்கு மையத்திலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். தசமக் கணக்கில் ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.25 மி.மீ. கிளாம்பில் மையத்துக்கு மையம் 1.5 மி.மீ. பிடிக்கும் பெல்லட் எந்த மேட்ச்சுக்கும் தகும்.

இதை உங்கள் கையோடு சேர்த்துப் பாருங்கள். நின்று சுடும்போது உங்கள் பத்து அடி 20 மி.மீ. பரவுகிறது என்றால், பெல்லட்டின் பரவல் அதோடு நேராகக் கூடாது. இருபடிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 1.5 மி.மீ. பெல்லட்டில் மொத்தம் 20.06, 3 மி.மீ. பெல்லட்டில் 20.22. இந்த வித்தியாசத்துக்காக இரு மடங்கு விலை கொடுப்பது வீண். கை 5 மி.மீ.க்கு வந்தவருக்கோ அதே இரண்டு பெல்லட்டும் 5.22, 5.83 என்று பிரியும். 60 அடி மேட்ச்சில் அது மதிப்பெண்ணில் தெரியும். ஆகவே கற்கும் பிள்ளைக்கு சுத்தமாகச் செய்த சாதாரணத் தட்டைத் தலை ஒன்று போதும். லாட் சோதனை பயிற்சியின் இரண்டாம் வருஷத்து வேலை. சில பெற்றோர் முதல் வாரத்திலேயே ஆர்10 வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தை ஷூட்டிங் ஜாக்கெட்டுக்குச் சேர்த்தால் மதிப்பெண் ஏறும்.

பொன் தராசில் ஒவ்வொரு பெல்லட்டாக நிறுத்துப் பிரிக்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு. 172 மீட்டர் வேகத்தில் 10 மீட்டருக்குள் பெல்லட் ஏறக்குறைய 17 மி.மீ. இறங்குகிறது. எடை 0.005 கிராம் கூடினால், அதாவது ஒரு சதவீதம், வேகம் சுமார் அரை சதவீதம் குறையும், இறக்கம் ஒரு சதவீதம் கூடும். வருவது 0.17 மி.மீ. தசமத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. எடையைவிட வடிவம்தான் காரியம். அதைப் பார்க்க ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டு போதும். சற்றே சாய்த்து வைத்து மேலிருந்து பெல்லட்டை உருட்டுங்கள். ஸ்கர்ட் தலையைவிடப் பெரிதாக இருப்பதால் அது நேராகப் போகாது, வில்லாக வளைந்து உருளும். நல்ல பெல்லட் ஒரே சீரான வளைவில் வந்து நிற்கும். ஸ்கர்ட் அடிபட்டது தத்தித் தத்தி வரும், பாதியில் திசை மாறும். கூரியரில் வந்த டப்பாவில் இதை முதலில் செய்யுங்கள். தூக்கிப் போட்டதில் நசுங்கியவை அடியில் கிடக்கும்.

எண்ணெய் பற்றி. மேட்ச் பெல்லட்டுகள் கம்பெனியிலேயே மெல்லிய பூச்சோடு வருகின்றன. கழுவ வேண்டாம், மேலே எதுவும் பூச வேண்டாம். ஸ்பிரிங் ரைபிளின் குழல் வாயில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் இந்தப் பக்கம் இருக்கிறது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது சூடேறி அந்த எண்ணெய் பற்றும்: "டப்" என்று கூடுதல் சத்தம், புகை, கருகல் வாசனை. அந்த அடி மட்டும் மேலே போகும், சீல் கருகும். போதாததற்கு, தை மாத விடியலில் தேங்காய் எண்ணெய் உறைந்து குழலில் ஒட்டியிருக்கும். வரிப்பள்ளத்தைச் சுத்தம் செய்ய ஃபெல்ட் உருளைகள் இரண்டு மூன்று, பிரீச்சிலிருந்து முனைக்கு. பிசிபியில் அவற்றைக் காற்றாலேயே சுட்டுத் தள்ளலாம். ஸ்பிரிங் ரைபிளில் கம்பியால் தள்ளுங்கள், ஃபெல்ட் மட்டும் போட்டுச் சுட்டால் அது வெற்றடிக்குச் சமம். இரும்பு பிரஷ் கிட்டவே வரக் கூடாது. சுத்தம் செய்த அன்று பதினைந்து, இருபது அடி அலையும். ஆகவே மேட்ச்சுக்கு முதல் நாள் இரவு பேரலைத் தொடாதீர்கள்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் டப்பாவுக்குள் வெள்ளைப் பொடி பூக்கும். அது ஈயத்தின் மேல் படியும் கார்பனேட். ஈரம் ஒரு காரணம், மரம் இன்னொன்று: மர அலமாரியும் பிளைவுட்டும் விடும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். இரும்பு அல்லது பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பூத்ததைத் துடைத்துச் சுட வேண்டாம். பொடி நஞ்சு, பெல்லட்டின் மேற்பரப்பும் குழிந்திருக்கும். சுடும்போது பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் கண்டால் உடனே தடுங்கள். முடிந்ததும் சோப்பால் கை கழுவிய பிறகே டீ, வடை. பெட்டி அடியில் சேரும் தூளை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சேர்ந்த ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்காதீர்கள்.

லாட் முடிவானால் சேர்த்து வாங்குங்கள். வாரம் நாலு நாள், நாளுக்கு நூறு அடி என்றால் ஆறு மாதத்துக்கு 10,400 பெல்லட். 500 வீதம் 21 டப்பா. கோவைக் கடைகளிலோ கூரியரிலோ கேட்கும்போது பெயர், எடை, தலை அளவோடு லாட் எண்ணையும் சொல்லி, டப்பா அடியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவ்வளவு பணம் ஒரே தடவை போட முடியாவிட்டால் கிளப்பில் அதே லாட் பிடித்த இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கலாம். கடைசி டப்பாவைத் திறக்கும்போது அதிலிருந்து நூறு பெல்லட்டைத் தனி டப்பாவில் எடுத்து, லாட் எண் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த லாட்டைச் சோதிக்கும் நாளில் அதே கிளாம்பில், அதே சுற்று முறையில் இந்தப் பழையதும் ஒரு வகையாக நிற்கட்டும். குரூப் விரிந்தது புதிய பெல்லட்டாலா, ரைபிளாலா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும்.